குத்ஸில் ஒரு வீடு

பைத்துல் முகத்தஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது மஸ்ஜிதுல் அக்ஸாதான். அதன் மதிலோரம் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அக்ஸாவின் மேற்கு மதிலருகே 'ஹாரத்துல் மகாரிபா' என்றொரு குடியிருப்பு இருந்தது. ஸலாஹுத்தீன் ஐயூபியின் மகன் அல் அப்ழல், மொரோக்கோ முதலான மக்ரிப் நாட்டு மக்களுக்காக 1193இல் வக்பு செய்த இடம் அது. 1967 ஜூன் 7ஆம் திகதி இஸ்ரேலியப் படை பழைய நகரைக் கைப்பற்றியது. 10ஆம் திகதி இரவே புல்டோஸர்கள் வந்துவிட்டன. வெளியேறச் சில மணி நேரமே கொடுத்தார்கள். சுமார் 135 வீடுகள் தரைமட்டமாயின. மூதாட்டி ஒருவரின் ஜனாஸா இடிபாடுகளுக்குள் கிடந்தது. எழுநூறு வருடங்களுக்கு மேற்பட்ட அந்த வக்பு பூமி இன்று அழுகைச் சுவரின் முன்றல்!

அதே மாதம் கிழக்கு குத்ஸைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட இஸ்ரேல், அங்கிருந்த பலஸ்தீனர்களுக்கு 'நிரந்தர வதிவிட' அந்தஸ்தை மட்டும் கொடுத்தது. குடிபுகுந்த அந்நியருக்குரிய அந்தஸ்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்களுக்கு! குடிசன மதிப்பீட்டின்போது ஊரில் இல்லாதவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. முழு குத்ஸும் தனது தலைநகரென 1980இல் இஸ்ரேல் இயற்றிய சட்டம் செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. என்ன பயன்? 1967 முதல் 14,000க்கும் அதிகமானோர் வதிவிட உரிமையை இழந்துள்ளனர்.

மேற்குக் கரையில் வாழ்க்கைப்பட்ட குத்ஸ் பெண்ணின் நிலை இன்னும் சிக்கலானது. கணவரைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள, 2003இல் வந்து 2022இல் மீண்டும் இயற்றப்பட்ட சட்டம் பெரும் தடை. அவள் கணவரிடம் போய் வாழ்ந்தாலோ, 'உன் வாழ்க்கையின் மையம் குத்ஸில் இல்லை' என்று சொல்லி அடையாள அட்டையைப் பறிக்கலாம். ஆகவே மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், நகரசபை வரிப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் என்று ஒரு துண்டுக் காகிதத்தையும் வீசாமல் வருடக்கணக்காகச் சேர்த்து வைக்கின்றன குத்ஸ் குடும்பங்கள்.