ஐந்து வாட்டில் ஒரு தீபாவளி

2019ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை வந்தது. உலகின் பெரிய அமெச்சூர் வானொலிப் போட்டியான ‘சிக்யூ வேர்ல்ட் வைட்’ குரல் போட்டியும் அதே வார இறுதியில்தான். 1948இல் தொடங்கிய போட்டி அது. அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் 48 மணி நேரம் நடக்கும். நம் கடிகாரப்படி சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 8 மணிக்கு முடியும். திங்கட்கிழமை பதில் விடுமுறை என்பதால் வேலையைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் தங்கா பத்துவில் எங்கள் வீட்டில், பண்டிகை நாளில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு.

போட்டி எளிமையானது. முடிந்தவரை அதிகமான நாடுகளில், அதிகமான நிலையங்களுடன் பேச வேண்டும். பேச்சு என்றால் கதையளப்பு இல்லை. அழைப்புக் குறியீடு, ‘59’ என்ற தர எண், மண்டல எண், அவ்வளவுதான். நம் மண்டலம் 28. எதிராளியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலும் ‘59, மிகத் தெளிவு’ என்றுதான் சொல்வோம். அது ஒரு சம்பிரதாயப் பொய். வேறு கண்டத்துக்கு 3 புள்ளி, அதே கண்டத்தில் வேறு நாட்டுக்கு 1 புள்ளி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஜப்பானைப் பிடித்தால் ஒரு புள்ளி. நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் சுமத்ராவைப் பிடித்தால் மூன்று. வானொலிக் கணக்கில் இந்தோனேசியா முழுவதும் ஓசியானியா. நம் சபா, சரவாக்கும் அப்படியே. இரண்டையும் சேர்த்து ஒரு தனி நாடாகவும் கணக்கிடுவார்கள்!

நான் எடுத்துக்கொண்ட பிரிவு ‘க்யூஆர்பி’. அதில் 5 வாட்டுக்கு மேல் ஆற்றலை அனுப்பக் கூடாது. பெரிய பிரிவில் 1,500 வாட் வரை அனுமதி உண்டு. முந்நூறு மடங்கு என்றதும் பயமாக இருக்கும். ஆனால் நம் காதும் வானொலியும் கூட்டல் கணக்கில் வேலை செய்வதில்லை. நூறு வாட்டை ஐந்தாகக் குறைத்தால், எதிர்முனையில் ஒலி அளக்கும் முள் இரண்டு படிக்குச் சற்று அதிகமாக இறங்கும். ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஐந்துக்கு வந்தாலும் நான்கு படிதான். வானம் ஒத்துழைத்தால் இது போதும்.

அந்த ஆண்டு வானம் ஒத்துழைக்கவில்லை. சூரியனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். புள்ளிகள் பெருகும் காலத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல்வளிமண்டலத்தை நன்றாக மின்னூட்டம் செய்ய, சிற்றலைகள் அதில் பட்டுத் தொலைதூரம் போகும். 2019 டிசம்பரில்தான் அந்தச் சுழற்சி அடிமட்டத்தைத் தொட்டது. எங்கள் போட்டி அதற்கு இரண்டு மாதம் முன்பு. 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. 21, 14 ஆகியவையே கதி. நமக்கு இருந்த ஒரே ஆறுதல், நிலநடுக்கோட்டுக்கு அருகில் மேல்வளிமண்டலம் மற்ற இடங்களைவிடச் செறிவாக இருக்கும் என்பதுதான்.

கீழேயும் தொல்லைதான். அக்டோபர் பருவக்காற்று மாறும் நேரம். மாலையில் இடி இடித்தால் காதில் சோளம் பொரியும். மின்னல் நெருங்கினால் ஆண்டெனாவைக் கழற்றிவிட வேண்டும். போதாததற்கு, தாமான் முழுக்கத் தீபாவளிச் சரவிளக்குகள். அந்த மலிவு விலை எல்இடி விளக்குகளின் மின்மாற்றிகள் கிளப்பும் இரைச்சலில் பலவீனமான குரல்கள் மூழ்கிப்போகும். கொல்லைக்குப் பின்னால் கடல் என்பதால், கண்ணாடி இழைத் தூண்டில் கோலில் செம்புக் கம்பியைச் சுற்றி அலையோரமாக நட்டேன். உப்புநீர் சிறந்த மின்கடத்தி. செங்குத்துக் கம்பியிலிருந்து கிளம்பும் அலையைத் தாழ்ந்த கோணத்தில் வெகுதூரம் அனுப்பும்.

குறைந்த ஆற்றலில் நாமே கூவி அழைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பலமான நிலையங்களைத் தேடிப் போய், அவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் நம் குறியீட்டைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அவர்களிடம் கூட்டம் மொய்க்கும்; நம் குரல் எடுபடாது. ஞாயிறு மாலைக்குள் உரக்கக் கூவுபவர்கள் எல்லாரையும் அவர்கள் முடித்துவிடுவார்கள். புதுக்குரல் எதுவானாலும் காதைத் தீட்டிக் கேட்பார்கள். ஏழைகளின் நேரம் அதுதான். அந்த ஆண்டு அது விருந்தினர் வரும் நேரமாகவும் போயிற்று.

“யாருகிட்டடா இப்படிக் கத்துற?” என்று முறுக்குத் தட்டோடு வந்து நின்றார் பெரியப்பா. பால் மரம் சீவிய காலத்தில் தோட்டத்து லயத்தில் சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். இத்தாலி நிலையம் ஒன்றை அரை மணி நேரமாக அழைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். “சத்தம் ஏறி எறங்குது பாரு. எறங்கும்போது கூப்பிடாத. இதோ ஏறுது... இப்போ கூப்பிடு!” கூப்பிட்டேன். பாதிக் குறியீடு அவர்களுக்குக் கிடைத்தது. மீண்டும் கேட்டார்கள், மூன்று முறை சொன்னேன். ‘59, 15’ என்று பதில் வந்தது. “பாட்டு கேக்கிறதுக்கு நாங்க எத்தனை ராத்திரி இப்படிக் காத்திருந்திருக்கோம்” என்றார் பெரியப்பா. அதன்பிறகு பத்து மணி வரை அவர் எழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பெரியம்மாவே பதில் சொன்னார். மொத்தம் 60 தொடர்புகளுக்குச் சற்று மேல். பெரிய நிலையங்கள் அரை மணி நேரத்தில் எடுப்பது.

இது வெறும் பொழுதுபோக்கு என்பவர்களிடம் நான் பாரதி பிரசாத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்தவர். 2004 டிசம்பரில் அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து உலக நிலையங்களுடன் பேசத் தம் குழுவுடன் போயிருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது, அதே கருவிகளைக் கொண்டு தீவுகளின் செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பினார்கள். நம் பினாங்கும் கெடாவும் அடிபட்ட அதே நாள். இரைச்சலுக்குள் ஒரு பெயரைப் பிடிக்கும் பழக்கம் அன்று யாரோ ஒருவரின் குடும்பத்துக்கு ‘உயிரோடு இருக்கிறார்’ என்ற சேதியாகப் போனது.

இங்கே ஒலிபரப்ப விரும்புவோர், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உரிமம் பெற வேண்டும்; அதற்குத் தேர்வு உண்டு. 1952 முதல் இயங்கும் ‘மார்ட்ஸ்’ சங்கத்தில் வழிகாட்ட ஆள் இருக்கிறது. முதலில் கேட்டுப் பார்க்கலாம் என்பவர்கள் ‘எஸ்எஸ்பி’ வசதியுள்ள சிற்றலை வானொலியாகத் தேடுங்கள். சாதாரணப் பெட்டியில் எங்கள் பேச்சு வாத்துச் சத்தமாகத்தான் கேட்கும். போட்டி நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல் 21 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முள்ளைத் திருப்புங்கள். பக்கத்தில் சரவிளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள்.