ஒன்பது மணி பேட்ச்

ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வாசலில் செருப்புகள் பெருகிவிடும். கும்பகோணத்தில் அப்பா ஆரம்பித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை 26 வருஷமாக நான் நடத்துகிறேன். 14 மிஷின், 3 ஃபேன், ஏசி கிடையாது. இந்த நாட்களில் முதலில் உள்ளே வருவது அம்மாக்கள்தான். பின்னால் பையனோ பொண்ணோ சுவரைப் பார்த்தபடி நிற்கும். "வீட்ல இருந்தா செல்லும் கையுமாவே கிடக்கான் மேடம். காலையில ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம் போட்டுக்குங்க" என்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுப்பதில்லை என்றதும் முகம் சுருங்கிப்போகும்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பது பட்டதால்தான். ஏழெட்டு வருஷம் முன்னால், ஊரே சம்மர் கேம்ப் நடத்துகிறதே என்று நானும் நோட்டீஸ் அடித்தேன். காலை 9 முதல் மாலை 4 வரை டைப்ரைட்டிங், ஸ்போக்கன் இங்கிலீஷ், யோகா, ஓவியம், நடுவில் எலுமிச்சை சாதம். 22 பேர் சேர்ந்தார்கள். பத்தாம் நாள் எண்ணிப் பார்த்தால் 7 பேர். அதிலும் இரண்டு பேர் என் அக்கா பிள்ளைகள். நின்றுபோன பையன் ஒருவனைக் கடைத்தெருவில் பிடித்து, "ஏன்டா வரல?" என்றேன். "ஸ்கூல் மாதிரியே இருக்கு மிஸ்" என்றான். மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு வண்ணக் காகிதமும் பசையும் கொடுத்தால் ஒரு பகல் ஓடிவிடும். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளையிடம் அது நடக்காது. தன்னை யாரோ மேய்க்கிறார்கள் என்று தெரிந்தாலே அதற்குக் கோபம் வந்துவிடும். தினம் ஒரு மணி நேரம், வீட்டுக்கு வெளியே, அம்மா அப்பா அல்லாத ஒருவரிடம், கைக்குப் பிடிபடுகிற ஒரு வேலை இருந்தால் போதும். மீதி நாள் தானாக ஒரு ஒழுங்குக்கு வந்துவிடுவதை இங்கே உட்கார்ந்தே பார்க்கிறேன். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் எட்டு மணிக்காவது எழுந்தாக வேண்டும். எழுந்தால் குளியல், குளித்தால் இட்லி.

முதல் நாள் பாடம் அப்பா காலத்தில் இருந்ததேதான். இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே, ஹெச், ஜே. பக்கம் பக்கமாக இதையே அடிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டைவிரல்தான் சகலமும். இங்கே கட்டைவிரலுக்கு ஒரே வேலை, ஸ்பேஸ் பாரைத் தட்டுவது. உயிர் போவது சுண்டுவிரலுக்கு. 'ஏ' எழுத்து அதன் பங்கில் வருகிறது. செல்போனைத் தடவிப் பழகிய விரல் இரும்பு விசையையும் அப்படியே தொடும். காகிதத்தில் மற்றதெல்லாம் கறுப்பாக விழுந்திருக்க, 'ஏ' மட்டும் நிழல்போல மங்கித் தெரியும். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அந்த 'ஏ' கறுக்க ஆரம்பிக்கும். எனக்கு முன்னால் அந்தப் பிள்ளையே அதைப் பார்த்துவிடும். காகிதத்தை உருவிப் பக்கத்து மிஷினில் இருப்பவனிடம் காட்டும். இதற்குமேல் அதை இங்கே இருக்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

தப்பை அழிக்கவும் இதில் வழியில்லை. பேக்ஸ்பேஸைத் தட்டினால் கேரேஜ் ஓர் எழுத்து பின்னால் வரும், தப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். சிவப்புப் பேனாவால் நான் வட்டம் போடுவேன். ஏழாம் வகுப்பிலிருந்து மார்க்குக்காகத் திட்டு வாங்கிய பையன்கூட இந்த வட்டத்துக்குச் சிணுங்குவதில்லை. நேற்று 11, இன்று 8 என்று அவனே எண்ணிக்கொள்கிறான்.

ஒரு காலத்தில் ஆறு மணி பேட்சுக்கு வருபவர்கள்தான் உருப்படுவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் பதின்ம வயதில் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டும். விடிந்து எட்டு மணிவரை படுத்திருப்பது முழுக்கச் சோம்பல் அல்ல. (இரவு இரண்டு மணிவரை ரீல்ஸ் பார்ப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) வேலைக்குப் போகும் பெரியவர்கள் இப்போது ஆறு மணிக்கு வருகிறார்கள், பிள்ளைகளுக்கு ஒன்பது மணி.

எல்லோருக்கும் டைப்ரைட்டிங் ஒத்துவராது. போன வருஷம் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் நாலு நாள் அடித்துவிட்டு, "போர் அடிக்குது மிஸ்" என்றான். அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் மெக்கானிக் தாத்தா வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கோத்ரெஜ் 2009-ல் டைப்ரைட்டர் செய்வதையே நிறுத்திவிட்டதால், பழைய மிஷின் ஒன்றைப் பிரித்துத்தான் இன்னொன்றைப் பிழைக்கவைக்க வேண்டியிருக்கிறது. "தம்பி, இந்த ஸ்க்ரூவப் புடி" என்று அவன் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், அந்த மே மாதம் முழுக்கப் பையன் பின்கட்டிலேயே கிடந்தான். மண்ணெண்ணெயில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து எழுத்துக் கம்பிகளில் இருபது வருஷ அழுக்கைச் சுரண்டினான். சிக்கிக்கொண்டிருந்த மணியை மறுபடி அடிக்கவைத்தது அவன்தான். மெக்கானிக் தாத்தா அவனை ஒரு தடவைகூடப் பாராட்டி நான் கேட்டதில்லை. மறுநாளும் "தம்பி எங்க?" என்று கேட்பார், அது போதுமாக இருந்தது.

எதிர்வீட்டுப் பையன் சுவாமிமலையில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் போகிறான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவது வரைக்கும் பார்த்துவிட்டானாம். மெழுகில் விரல் செய்யக் கொடுத்தார்களாம், நெருப்புக்கு அருகில் விடவில்லை. 14 வயது ஆகாத பிள்ளையைக் கடைக்கோ பட்டறைக்கோ வேலைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 18 வரைக்கும் ஆபத்தான தொழில்களில் வைக்கவும் கூடாது. 'சும்மாதானே இருக்கான்' என்று கண்ட இடத்துக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

வண்டி விஷயத்தில் மட்டும் நான் கறார். இன்ஸ்டிடியூட்டுக்கு அப்பா ஸ்கூட்டரில் வரும் பையனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். 16 வயதில் லைசென்ஸ் உண்டு என்பார்கள். அது கியர் இல்லாத, 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு. வீட்டில் நிற்பது 110 சிசி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு. இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய பிறகு சைக்கிள்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன.

இன்னொரு பயம் தண்ணீர். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால்தான் எங்கள் பக்கம் காவிரியில் தண்ணீர். கத்திரி வெயிலில் ஆறு வெறும் மணல், பையன்கள் நடு ஆற்றில் ஸ்டம்ப் நட்டு விளையாடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். பார்க்க முழங்கால் ஆழம்போல் இருக்கும், அடுத்த அடியில் ஆளை விழுங்கிவிடும். நீச்சல் தெரிந்த மாமாவோ பெரியப்பாவோ ஒருவர் ஆழம் தெரிந்த குளத்தில் கூடவே இறங்கி, லாரி டியூப்பைக் கட்டிவிட்டு, இந்த லீவிலேயே பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கட்டும். பெண் பிள்ளைக்கும்தான். எந்த கிளாஸையும்விட அது முக்கியம், என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சர்டிஃபிகேட் பற்றிக் கேட்பவர்களுக்கு: தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தேர்வு நடத்துகிறது. நாங்கள் லோயர் என்று சொல்லும் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்கிற முதுநிலைக்கு 45. குரூப் 4-ல் தட்டச்சர் வேலைக்குப் போக நினைத்தால் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும். ஆகஸ்ட் தேர்வை மனதில் வைத்திருப்பவர்கள் மே முதல் வாரத்திலாவது சேர்ந்துவிட்டால் கை பழகும்.

ஒன்பது மணி பேட்ச் நிரம்பிவிட்டது. சாயந்திரம் ஐந்து மணிக்கு இரண்டு மிஷின் காலியாக இருக்கின்றன. பிள்ளையை மட்டும் அனுப்பிவையுங்கள். பெஞ்சில் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.