லூயிவில்லின் இரவு: பார்சல் பிரிக்கும் மையம் ஏன் இவ்வளவு பெரிது?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் விமான நிலையத்தின் ஓடுபாதைகளுக்கு நடுவே யுனைடெட் பார்சல் சர்வீஸ் (யு.பி.எஸ்.) நிறுவனத்தின் பெரிய பிரிப்பு மையம் இருக்கிறது. அதன் பெயர் வேர்ல்ட்போர்ட். 2002-இல் திறந்தார்கள், பிறகு விரிவாக்கினார்கள். இன்று தளப்பரப்பு சுமார் 52 லட்சம் சதுர அடி. ஏக்கர் கணக்கில் 119. கட்டடத்தை ஒரு முறை சுற்றி வர 11 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். உள்ளே ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் மொத்த நீளம் சுமார் 250 கிலோமீட்டர். மணிக்கு 4,16,000 பார்சல்களைப் பிரிக்க முடியும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. நொடிக்கு 115 பார்சல் என்று கொள்ளலாம்.

இந்த எண்களை வெறுமனே வியப்பதில் பயனில்லை. ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தால்தான் அவை பேசத் தொடங்கும். அங்கே சராசரியாக ஒரு நாளில் கையாளப்படுவது ஏறத்தாழ 20 லட்சம் பார்சல். அதை 4,16,000-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம்கூட வரவில்லை. அதாவது ஒரு நாள் சரக்கு முழுவதையும் ஐந்து மணி நேரத்துக்குள் முடித்துவிடும் வேகத்துக்கு இந்தக் கட்டடத்தைக் கட்டியிருக்கிறார்கள். 24 மணி நேரமும் சீராக வேலை ஓடுவதாக இருந்தால் இதில் கால் பங்கு போதும். ஏன் அப்படிக் கட்டவில்லை என்பதற்குப் பதில் கடிகாரத்தில் இருக்கிறது.

முதலில், எல்லாப் பார்சலும் ஏன் ஒரே இடத்துக்கு வர வேண்டும்? 25 நகரங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் பார்சல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாக அனுப்புவதானால் 300 வழித்தடங்கள் தேவை. 100 நகரம் என்றால் 4,950. எல்லாவற்றையும் நடுவில் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, பிரித்து, திருப்பி அனுப்பினால் 25 நகரத்துக்கு 25 வழித்தடம், 100 நகரத்துக்கு 100 போதும். இந்தக் கணக்கை நம்பித்தான் ஃப்ரெட் ஸ்மித் 1973 ஏப்ரல் 17 அன்று டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து ஃபெடரல் எக்ஸ்பிரஸின் விமான சேவையைத் தொடங்கினார். 14 சிறிய விமானங்கள், 25 நகரங்கள். முதல் இரவில் வந்தவை 186 பார்சல்கள். நியூயார்க்கிலிருந்து பக்கத்திலிருக்கும் பாஸ்டனுக்குப் போகும் உறைகூட மெம்ஃபிஸ் போய்த்தான் திரும்பியது. தூரத்தைப் பார்த்தால் வீண் அலைச்சல். விமானக் கணக்கைப் பார்த்தால் பெரும் மிச்சம். பிற்பாடு 1993 முதல் 2009 வரை உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாண்ட விமான நிலையமாக மெம்ஃபிஸ் இருந்தது. 2010-இல்தான் ஹாங்காங் அதை முந்தியது.

ஒரு மாநிலத்தின் எல்லா ஊர்ப் பேருந்துகளும் நள்ளிரவில் ஒரே பேருந்து நிலையத்துக்கு வந்து, பயணிகள் எல்லாரும் இறங்கி வண்டி மாறி, விடியும் முன் எல்லாப் பேருந்தும் புறப்பட்டுவிட வேண்டும் என்றால் அந்த நிலையம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? வேர்ல்ட்போர்ட் அந்த அளவுக்குப் பெரியது.

அமெரிக்க அலுவலகங்கள் மாலை ஐந்து, ஆறு மணிக்குப் பார்சலை ஒப்படைக்கின்றன. மறுநாள் காலை பத்தரைக்குள் அது வேறொரு நகரத்தில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். கிழக்குக் கரை விமானங்கள் லூயிவில்லுக்குச் சீக்கிரம் வந்துவிடும். சிக்கல் மேற்குக் கரையால் வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கடிகாரம் லூயிவில்லைவிட மூன்று மணி நேரம் பின்தங்கியது. அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே இரவு எட்டு. அதன்பின் சேகரிப்பு, விமானத்தில் ஏற்றுதல், நாலு மணி நேரப் பறப்பு. விமானம் வந்து சேரும்போது லூயிவில்லில் நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்தக் கடைசி விமானங்களின் சரக்கையும் பிரித்த பிறகுதான் நியூயார்க்குக்கும் மயாமிக்கும் போகும் விமானங்கள் கதவை மூட முடியும். அவையோ விடியற்காலைக்குள் போய் இறங்கியாக வேண்டும். ஆகவே இரவு 11 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரையிலான நேரத்துக்குள் வேலையின் பெரும்பகுதி நெரிந்து கிடக்கிறது. அந்த நெருக்கம்தான் 119 ஏக்கராகப் பரந்திருக்கிறது.

விமானத்திலிருந்து இறங்குபவை பெரிய அலுமினியப் பெட்டகங்கள். விமான உடலின் வளைவோடு பொருந்த அவற்றின் மேற்பகுதியும் வளைந்திருக்கும். தளம் முழுக்க உருளைகளும் இரும்புக் குண்டுகளும் பதித்திருப்பதால் டன் கணக்கில் எடையுள்ள பெட்டகத்தை ஓரிருவரே தள்ளிக்கொண்டு போகிறார்கள். பெட்டகத்தைத் திறந்து, பார்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து, லேபிள் மேலே தெரியும்படி பெல்ட்டில் வைப்பது மனிதர் வேலை. அங்கிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன: உறைகளும் சிறு பொட்டலங்களும் ஒரு பக்கம், அட்டைப் பெட்டிகள் இன்னொரு பக்கம், டயர், குழாய் போலப் பெல்ட்டில் ஒழுங்காக உட்காராதவை மூன்றாவது பக்கம். சிறியவை சாயும் தட்டுகளில் பயணம் செய்து, உரிய சறுக்கு வந்ததும் தட்டு சாய்ந்து கீழே விழுகின்றன. பெட்டிகளைப் பெல்ட்டிலேயே பதித்த கட்டைகள் பக்கவாட்டில் நகர்ந்து தள்ளிவிடுகின்றன.

பாயும் வேகத்தில் லேபிளைப் படிப்பது எப்படி? யு.பி.எஸ். பார்சலின் லேபிளில் ஒரு அங்குலச் சதுரத்துக்குள் புள்ளிக்கூட்டமும் நடுவில் வளையத்துக்குள் வளையமும் தெரியும். மேக்ஸிகோட் என்ற இந்தக் குறியீட்டை அந்த நிறுவனமே 1992-இல் உருவாக்கியது. பெட்டி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் நடுவளையத்தைக் கேமரா முதலில் பிடித்துக்கொள்ளும். அஞ்சல் குறியீட்டு எண், நாடு, சேவை வகை ஆகியவை அந்தப் புள்ளிகளிலேயே இருக்கின்றன. எந்த விமானம், எந்தக் கதவு என்று கணினி தீர்மானிப்பதற்குள் பெட்டி அடுத்த திருப்பத்துக்கு வந்திருக்கும்.

மறுமுனையில் மீண்டும் மனிதக் கை. காலிப் பெட்டகத்துக்குள் பார்சல்களைச் சுவர் எழுப்புவதுபோல அடுக்க வேண்டும்; கனமானது கீழே, லேசானது மேலே. இந்நிறுவனம் ஏற்கும் அதிகபட்ச எடை 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. 70 பவுண்டைத் தாண்டினால் எச்சரிக்கை லேபிள் ஒட்ட வேண்டும். நடுவில் எவ்வளவு இயந்திரம் இருந்தாலும் இரு முனைகளிலும் இடுப்பும் தோளும்தான் சுமக்கின்றன.

எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் என்பதில் பலவீனமும் இருக்கிறது. லூயிவில்லில் பனிமழை பெய்தால் தாமதம் நாடெங்கும் பரவும். அதனால்தான் இந்த நிறுவனங்கள் சொந்தமாக வானிலை ஆய்வாளர்களை வைத்திருக்கின்றன. பழுதாகும் விமானத்துக்குப் பதிலாகப் பறக்க மாற்று விமானங்களும் ஆயத்தமாக நிற்கின்றன. அப்படியும் 2013 கிறிஸ்துமஸுக்குச் சமாளிக்க முடியவில்லை. கடைசி நேர இணைய ஆர்டர்களும் மோசமான வானிலையும் சேர்ந்து வந்தன. விமான வலையமைப்பின் திறனைச் சரக்கு மீறிவிட்டது என்று யு.பி.எஸ். ஒப்புக்கொண்டது, பரிசுப் பெட்டிகள் பல பண்டிகை முடிந்தே வீடு சேர்ந்தன. இதே ஏற்பாடு 2020 டிசம்பரில் பெரிய உதவியாகவும் இருந்தது. மிச்சிகனிலிருந்து புறப்பட்ட முதல் ஃபைசர் கொரோனா தடுப்பூசிகள் லூயிவில், மெம்ஃபிஸ் இரண்டின் வழியாகத்தான் நாடு முழுவதும் போயின.

இரவில்தான் வேலை என்பதால் அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் கணக்கில் வருகிறது. டி.எச்.எல். நிறுவனம் பிரஸ்ஸல்ஸில் இரவு விமானங்களைக் கூட்டக் கேட்டது. சத்தத்தை முன்னிட்டு 2004-இல் பெல்ஜியத்தில் இசைவு கிடைக்கவில்லை. நிறுவனம் தன் ஐரோப்பிய மையத்தை ஜெர்மனியின் லைப்சிக்குக்கு மாற்றி 2008-இல் திறந்தது. அங்கும் இரவு விமானங்களை எதிர்த்து வழக்குகள் நடந்தன.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது இன்னொன்று. வேலை நாலைந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றால், அதைச் செய்பவருக்கு நாலைந்து மணி நேரச் சம்பளம்தான். பகுதிநேர வேலை இந்தத் தொழிலின் அடித்தளத்திலேயே இருக்கிறது. 1997 ஆகஸ்டில் யு.பி.எஸ். தொழிலாளர்கள் சுமார் 1,85,000 பேர் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் தலைமையில் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று இதுதான். பகுதிநேரப் பணியிடங்களை இணைத்து 10,000 முழுநேர வேலைகளை உருவாக்க நிறுவனம் சம்மதித்தது.

ஆனாலும் நள்ளிரவுக்கு ஆள் வேண்டும். நாலு மணி நேர ஊதியத்துக்காக ஊர் உறங்கும் வேளையில் வருவதற்கு யார் முன்வருவார்கள்? லூயிவில்லில் 1998-இல் அதற்கொரு வழி கண்டார்கள். மாநில அரசும் லூயிவில் பல்கலைக்கழகமும் உள்ளூர்க் கல்லூரிகளும் நிறுவனமும் சேர்ந்து மெட்ரோபாலிட்டன் காலேஜ் என்ற திட்டத்தைத் தொடங்கின. இரவுப் பணிக்கு வரும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் கிடைக்கும். இரவு முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டுப் பகலில் வகுப்பில் உட்கார்வது லேசான காரியமில்லை. கடனில்லாமல் பட்டம் பெற முடிந்தது என்பதும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2023-இல் மீண்டும் வேலைநிறுத்தம் வரும் நிலை உருவானபோது, பேச்சு முறியாமல் ஒப்பந்தம் ஏற்பட்டது. பகுதிநேரத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 21 டாலர் ஆனது. இரண்டே ஆண்டில், 2025 ஏப்ரலில், அமேசானின் சரக்கைக் குறைத்துக்கொள்வதை ஒட்டிச் சுமார் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் 73 கட்டடங்களை மூடுவதாகவும் யு.பி.எஸ். அறிவித்தது. மிஞ்சும் கட்டடங்களில் தானியங்கி இயந்திரங்களைக் கூட்டுவதும் அதே திட்டத்தில் இருக்கிறது. ஒரு மையத்தின் கொள்ளளவைச் சொல்லும்போது மணிக்கு எத்தனை பார்சல் என்று தவறாமல் சொல்கிறார்கள். மணிக்கு எத்தனை டாலர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பேன்.