காலேஜ் ‘பாஸ் அவுட்’ ஆனீர்களா... மயங்கி விழுந்தீர்களா?

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2022.’ வேலை தேடும் நம்மூர் இளைஞர்களின் ரெஸ்யூமில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். ‘2022-ல் படிப்பை முடித்தேன்’ என்று சொல்லத்தான் எழுதுகிறார்கள. ஆனால், அமெரிக்காவிலிருந்து ஆன்லைனில் இன்டர்வியூ எடுப்பவருக்கு, ‘2022-ல் மயங்கி விழுந்தேன்’ என்றுதான் முதலில் தோன்றும்!

‘பாஸ்’, ‘அவுட்’ இரண்டுமே நமக்குத் தெரிந்த சொற்கள்தான். சேர்ந்தால் அர்த்தம் மாறிவிடும். இப்படி வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தருவதுதான் ‘ஃப்ரேஸல் வெர்ப்’.

அப்படியென்றால் நாம் சொல்வது தவறா? முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதை பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் ‘பாஸ் அவுட்’ என்பார்கள். சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடப்பதும் ‘பாஸிங் அவுட் பரேட்’தான். கல்லூரிப் படிப்புக்கும் அதையே சொல்வது நம் நாட்டு வழக்கம். நமக்குள் சிக்கலில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது மட்டும் ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2022’ என்று எழுதிவிடுங்கள்.

இதைவிட கவனமாக இருக்க வேண்டியது ‘பாஸ் அவே’ விஷயத்தில். அதற்கு ‘காலமானார்’ என்று பொருள். வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் அப்பா மயங்கி விழுந்தால், ஆம்புலன்ஸை அழைப்பவர் ‘ஹி பாஸ்டு அவுட்’ என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் ‘அவுட்’, ‘அவே’ ஆகிவிட்டால், உயிரோடு இருப்பவரை இறந்துவிட்டதாகச் சொன்னதாகிவிடும்.

நினைவில் வைக்க எளிய வழி: ‘அவுட்’ ஆனவர் கண் விழிப்பார், ‘அவே’ போனவர் திரும்ப மாட்டார்.