எல்சிங்கி – டோக்கியோ வான்வழித் தொலைவும் பயண நேரமும்

பின்லாந்தின் தலைநகர் எல்சிங்கிக்கும் ஜப்பானின் தலைநகர் டோக்கியோவுக்கும் (நரித்தா விமான நிலையம்) இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் ஆகும். 2022ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, இடையில் நிற்காத விமானம் இதனைச் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தது. இப்போது ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்க, இடையிலுள்ள வான்வெளி அடைபட்டதே இதற்குக் காரணம்.

மேலே கூறிய 7,800 கிலோமீட்டர் என்பது பெருவட்டத் தொலைவு. அதாவது உருண்டையான புவியின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்து இவ்விரு நகரங்களையும் இணைத்தால், கோடு கஜகஸ்தான், மங்கோலியா வழியாகச் செல்லும். புவி உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தாலோ, அது வடக்கே வளைந்து ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிச் சைபீரியாவைக் கடக்கும். மாணவர்கள் இதைத் தாமே செய்து பார்ப்பது நல்லது. படித்துத் தெரிந்துகொள்வதைவிட எளிதில் விளங்கும்.

இக்குறுகிய வழியின் பெரும்பகுதி ரஷ்ய நிலப்பரப்பின் மேலே செல்கிறது. சோவியத் காலத்தில் மேற்கு நாடுகளின் விமானங்கள் அவ்வழியே தடையின்றிப் பறக்க இயலவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. 1983இல் பின்லாந்தின் பின்னேர் நிறுவனம் டிசி-10 ரக விமானத்தில் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு, எங்கும் நிற்காமல் டோக்கியோ சென்றது. பின்னர் சைபீரிய வான்வெளி திறந்தது. ஐரோப்பாவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் எல்சிங்கி, ஆசியாவுக்குச் செல்வோர் விமானம் மாறும் இடமாக வளர்ந்தது. பின்னேர் தன் வணிகத்தையே இந்தக் குறுக்குவழியை நம்பி அமைத்துக்கொண்டது.

உக்ரைன் போரை அடுத்து, 2022 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. மார்ச் மாதத்தில் டோக்கியோ விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, அவற்றுக்கு இருந்தவை இரண்டு வழிகள்: வடக்கே துருவத்தையும் அலாஸ்காவையும் ஒட்டிய வழி, தெற்கே துருக்கி, காஸ்பியன் கடல், நடு ஆசியா, சீனா வழியானது. துருவ வழி 10,000 கிலோமீட்டரைத் தாண்டும். எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. விமானிகளும் கூடுதலாகத் தேவைப்படுகின்றனர். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் சென்ற அதே துருவப் பாதைக்குப் பின்னேர் திரும்ப வேண்டியதாயிற்று.

பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பயண நேரத்தைக் கணக்கிடுவது பலரும் செய்யும் பிழை. அதில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் டோக்கியோ எல்சிங்கியைவிட 7 மணி நேரம் முன்னால் இருக்கும். கோடையில் பின்லாந்து கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவதால் வேறுபாடு 6 மணியாகும். ஜப்பானில் அவ்வழக்கம் இல்லை. எடுத்துக்காட்டாக, குளிர்காலத்தில் மாலை 5.30க்கு எல்சிங்கியில் புறப்படும் விமானம் 13 மணி நேரம் பறந்தால், மறுநாள் பிற்பகல் 1.30க்கு டோக்கியோவில் இறங்கும்; கடிகாரங்களை மட்டும் பார்த்தால் 20 மணி நேரம் போலத் தோன்றும். திரும்பும்போது இரவு 10 மணிக்குக் கிளம்பி அதே 13 மணி நேரம் பறக்கும் விமானம், எல்சிங்கியில் அதிகாலை 4 மணிக்கே இறங்கிவிடும்.