கோல்ஃப் மட்டைக்கு வேகம் வருவது எப்படி?

கோல்ஃபைப் பெரிய மனிதர் விளையாட்டு என்று நம்மவர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறோம். இத்தனைக்கும் நம் கல்கத்தாவில் 1829-லேயே அதற்கு கிளப் ஏற்பட்டுவிட்டது! ஓய்வு பெற்றபின் ஆடத் தொடங்கியிருக்கும் சங்க அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பந்து தூரம் போகக் கனமான மட்டை வேண்டும் என்பார்கள். டிப்ளமாவில் படித்த மோதல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மட்டைத் தலை சுமார் 200 கிராம், பந்து 46 கிராம். தலையின் எடையைப் பத்து சதவீதம் கூட்டினால் பந்தின் வேகம் இரண்டு சதவீதம்கூட ஏறாது. தலையின் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலோ, பந்துக்கும் முழுப் பத்து சதவீதம் கிடைக்கும்.

அந்த வேகம் புஜபலத்தால் வருவதில்லை. முதலில் இடுப்பு திரும்ப வேண்டும். பிறகு தோள், கை, கடைசியில் மட்டை. கூட்ஸ் வண்டி கிளம்பும்போது இன்ஜின் மெல்லத்தான் இழுக்கும், கடைசி வேகனுக்குத்தான் பெரிய உதறல், பார்த்திருப்பீர்கள்.

பயிற்சிக்கு டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, பந்தில்லாமல் முழு வேகத்தில் வீசுங்கள். ‘உஷ்’ என்ற சத்தம் பந்து இருக்கும் இடத்தில் கேட்க வேண்டும். முன்னாலேயே கேட்டால் கை அவசரப்படுகிறது. ஐந்தாறு வீச்சு, சற்று ஓய்வு, பிறகு மட்டையை நேராகப் பிடித்து ஐந்தாறு. வாரம் இரண்டு மூன்று நாள் போதும். களைத்த பின்னும் வீசினால் உடம்பு மந்த வேகத்தைத்தான் பழகும்.

அறுபது தாண்டியவர்கள் முதலில் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிக் கொள்ளுங்கள். முதுகுத்தண்டு உபத்திரவம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மட்டையைத் தொட வேண்டாம்.