ஓர் எண்ணும் அதன் காரணிகளும்

147573952589676412927 என்னும் இருபத்தோரிலக்க எண் பற்றி இங்கு நோக்க முற்படுகிறோம். இரண்டின் 67ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்கப் பெறப்படுவது இது. இலக்கிய ஆய்வாளருக்கு இதனோடு என்ன தொடர்பு என வினவப்படலாம். அறிவு எத்தகைய உழைப்பினால் உருவாகிறது என்பதை உணர்த்த இதனினும் தெளிவான உதாரணம் எமக்குக் கிட்டவில்லை.

1644இல் பிரெஞ்சுத் துறவியான மெர்சென், இரண்டின் எந்தெந்த வலுக்களிலிருந்து ஒன்றைக் கழித்தால் முதன்மை எண் கிடைக்கும் என்பதற்கு 257 வரையான பட்டியலொன்றைத் தந்தார். 67 அதில் இடம்பெற்றிருந்தது. இவ்வகை முதன்மை எண் ஒவ்வொன்றும் 6, 28 போன்ற நிறைவெண் ஒன்றைத் தரும் என்பது யூக்ளிட் நிறுவியதாகும். மெர்சென்னோ தமது பட்டியலுக்கு நிறுவல் எதனையும் தந்தாரல்லர். எனினும் அவர் கூற்று இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 67, 257 ஆகியன தவறானவை. 61, 89, 107 ஆகியன விடுபட்டவை. 61 என்பதே 67 எனப் பிழையாக அச்சேறியது எனச் சமாதானம் கூறுவோருமுளர். 89க்கும் 107க்கும் அச்சுக்கோப்பாளர் மீது பழிபோடுதல் இயலாது.

1876இல் லூக்காஸ் இவ்வெண் முதன்மை எண்ணன்று எனக் காட்டினார். பின்னர் லேமர் செம்மைப்படுத்திய வடிவில் அம்முறை எளிதானது. 4இல் தொடங்கி, அதனை வர்க்கித்து, 2ஐக் கழித்து, எமது எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கொள்ளவேண்டும். அம்மீதிக்கும் அவ்வாறே செய்யவேண்டும். இவ்வாறு 65 முறை செய்தபின் மீதி பூச்சியமாயின் அது முதன்மை எண். அன்றேல் சேர்த்தி எண். இங்கு பூச்சியம் வருவதில்லை. ஆயின் காரணிகள் யாவை என்பது பற்றி இம்முறை ஒரு சொல்லும் சொல்லாது. எண் பிளவுபடும் என்பது தெரிந்தது; எங்கே பிளவுபடும் என்பது தெரியவில்லை.

1903 அக்டோபர் 31இல் நியூயோர்க்கில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்திலே பிராங் நெல்சன் கோல் அதனைத் தெரிவித்தார். கரும்பலகையில் ஒருபுறம் இவ்வெண்ணையும், மறுபுறம்

193707721 × 761838257287

என்னும் பெருக்கலையும் வெண்கட்டியால் எழுதிக் கணித்துக் காட்டிவிட்டு, ஒரு சொல்லும் பேசாது அமர்ந்தார் என்பர். இதனைப் பதிவுசெய்த பெல் கதையை மெருகூட்டுவதில் பெயர்போனவர். எனவே அம்மௌனத்தை ஓரளவு ஐயத்துடனேயே ஏற்கிறோம். பெருக்கலில் ஐயத்துக்கு இடமில்லை. தாளும் எழுதுகோலும் எடுத்து எவரும் சரிபார்க்கலாம்.

இதற்கு எவ்வளவு காலம் சென்றது எனப் பெல் பின்னர் வினவியபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக் கோல் விடையளித்தாராம். இவ்விடை நம்பத்தக்கதே. இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவும் 134ஆல் வகுக்க 1ஐயே மீதியாகத் தரும். 8ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதியாகும். சிறிய காரணி 134இன் 1445580 மடங்கோடு ஒன்று கூடியது. ஒழுங்காகச் சோதித்துச் செல்பவர் அதனை அடையுமுன் ஏறத்தாழ ஏழு இலட்சம் எண்களைக் கடக்கவேண்டும். கோல் இருபடி எச்சங்களைக் கொண்டு இத்தேடலைச் சுருக்கினார். ஆயினும் சுருக்கியபின் எஞ்சியதே மேற்படி ஞாயிற்றுக்கிழமைகள். சரிபார்க்க ஒரு மணி நேரமளவே போதும். பண்டத்தில் அதனை ஆக்கிய உழைப்பு மறைந்து கிடக்கிறது என மார்க்ஸ் காட்டியதைப் போன்று, பலகையில் எழுதிய அந்த ஒரு வரியிலும் அவ்வாண்டுகள் மறைந்து கிடக்கின்றன. அவையினரின் கரகோஷம் விடைக்கேயன்றி அந்நாட்களுக்குக் கிடைத்ததா என்பது ஐயமே.

இன்று கணினி ஒரு கணத்தில் இக்காரணிகளைத் தந்துவிடும். ஆயினும் பெருக்குவதற்கும் பிரிப்பதற்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு நீங்கிவிடவில்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் வகுத்த மறையீட்டு முறை அதனையே ஆதாரமாகக் கொண்டது. இரண்டின் 1277ஆம் வலுவிலிருந்து ஒன்று குறைந்த எண் 385 இலக்கங்கள் கொண்டது. அது சேர்த்தி எண் என்பது நிறுவப்பட்டுள்ளது. காரணி ஒன்றேனும் இதுவரை எவர்க்கும் அகப்படவில்லை.